எஃப் ஐந்தும் ஒரு நீண்ட ஜெபமும்

கேரள எல்லையில் உள்ள எங்கள் பாறசாலைச் சபையில் ஞானையன் மாமா ஜெபம் செய்ய எழுந்தால் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நானும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும், இந்த மனுஷன் ஆமென் சொல்லவே கூடாது என்று மன்றாடினேன்.

காரணம் என் மாமியார் ஆனந்தபாய். பேச்செல்லாம் தமிழ், படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி இத்தனை வருஷமும் வாயசைத்தே ஒப்பேற்றிவிட்டார். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர். அதனால் தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் அடித்துத் திரையில் காட்டலாமே என்று கமிட்டியில் கேட்டேன்.

“பொஸ்தகம் உண்டும்லா, பின்ன திரை எதுக்கு? இது சர்ச்சாக்கும், சினிமா கொட்டகை இல்ல,” என்றார் ஞானையன் மாமா. கடைசியில், ஒரே ஒரு ஞாயிறு பார்ப்போம், சரிவராவிட்டால் திரையே வேண்டாம் என்று முடிவானது.

சனிக்கிழமை சர்ச்சைத் துடைக்கப் போன பெண்களில் நானும் உண்டு. பெஞ்சுகளைத் துடைத்த வேகத்தில், திரைக்காகப் பாட்டுகளை ஏற்றி அணைக்காமல் வைத்திருந்த என் லேப்டாப்பையும் அழுத்தித் துடைத்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

மறுநாள் மாமா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். அது முடிந்ததும் பாட்டு. நான் பாஸ்வேர்டை அடித்தேன், தப்பு என்றது. என் மகன் பெயர், பெற்றவளுக்குத் தப்புமா? பார்த்தால் கேப்ஸ் லாக்கில் குட்டி வெளிச்சம். அதை அணைத்ததும் திறந்தது. பாட்டைத் திரை நிறைய விரிக்க எஃப் ஐந்தை அமுக்கினேன். லேப்டாப் மங்கியது. மறுபடி அமுக்கினேன். இன்னும் மங்கியது.

“முடிவாக, ஆண்டவரே...” என்றார் மாமா.

“ஐயோ மாமா, இப்பம் ஆமென் சொல்லண்டாம்!” என்று என்னையறியாமல் முணுமுணுத்துவிட்டேன்.

மைக்கின் பக்கத்தில்தான் என் நாற்காலி. மாமாவின் ஒரு கண் திறந்தது, என்னையும் இருண்ட லேப்டாப்பையும் பார்த்தது, மூடிக்கொண்டது.

“முடிவாக, இன்னும் ஒரு காரியம் உண்டு ஆண்டவரே,” என்று பொழியூர்க் கடலரிப்புக்குப் போனார். அங்கிருந்து திருப்புறம் ஊருக்கு. அங்கிருந்து ஒற்றசேகரமங்கலத்தில் பன்றி தின்ற மரச்சீனிக் கிழங்குக்கு. சபை பெருமூச்சு விட்டது. நான் அவரை மனதார வாழ்த்தினேன்.

கேப்ஸ் லாக் என்று ஒரு பூட்டு விழுந்திருந்தால் இன்னொன்றும் விழுந்திருக்காதா? தேடினேன். மூலையில் எஸ்கேப் விசையிலும் பொடியாக ஒரு பூட்டுப் படம், அதற்குள் எஃப்என் என்று எழுத்து. மேல்வரிசை விசைகளுக்கு இரண்டிரண்டு வேலை. எந்த வேலை என்று தீர்மானிப்பது இந்தப் பூட்டுதான். என் துணி அதை மாற்றிவிட்டிருந்தது. எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அமுக்கினேன். பிறகு எஃப் ஐந்து. திரை நிறையப் பாட்டு.

“ஆமென்!” என்றார் மாமா, வியர்வையைத் துடைத்தபடி.

சபை எழுந்து பாடியது. என் மாமியார் புத்தகத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, திரையைப் பார்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தொண்டை திறந்து பாடினார். எனக்குக் கண் நிறைந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும், மாமியாருக்குச் சுருதி கொஞ்சமும் சேராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.