ஹவானாவுக்குச் சாட்சி

குடியுரிமை விண்ணப்பத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். முதல் சாட்சியான சலூன் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது சாட்சி வில்மார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

விண்ணப்பித்தவன் ஃபௌஸ்தோ. டொமினிகன் குடியரசிலிருந்து உருகுவேயின் தலைநகர் மொண்டேவீடியோவுக்கு வந்து சலூன் வைத்தவன். வரி பாக்கி இல்லை, வாடகை பாக்கி இல்லை. மகள் தாயோடு மாட்ரிட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்க இரண்டு முறை விசா கேட்டான். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். உருகுவே பாஸ்போர்ட் கிடைத்தால் விசாவே தேவையில்லை.

"இவரை உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரியும்?" என்று அதிகாரி அம்மாள் கேட்டாள்.

"இந்தக் கியூபாக்காரனையா? என் கூடப் பிறந்தவனை விட நல்லாத் தெரியும்மா."

அதிகாரி கோப்பைப் பார்த்தாள். பிறகு ஃபௌஸ்தோவைப் பார்த்தாள். வில்மார் நிறுத்தவில்லை.

"தாடையில தழும்பு இருக்கு பாருங்க, ஹவானா கடற்கரைச் சுவர்லேர்ந்து விழுந்தது. இவனோட மாமா ஓட்டல்ல டிரம்பெட் வாசிக்கிறவர். ஒருநாள் போதையில டிரம்பெட்டைக் கடல்ல வீசிட்டு, மறுநாள் தூண்டில் போட்டுத் தேடினாராம். எப்படி?"

அவர் மட்டும்தான் சிரித்தார்.

ஃபௌஸ்தோ ஹவானாவில் கால் வைத்ததே இல்லை. தழும்பு சொந்த ஊரில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தது. கரீபியனிலிருந்து வந்த கறுப்பு ஆள் என்றால் சலூன் இருக்கும் தெருவுக்குக் கியூபாக்காரன்தான். முதலில் இரண்டு மூன்று பேரிடம் திருத்திச் சொன்னான். "டொமினிகனா? அது எங்கப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்கள். ஹவானா என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கதை கேட்டார்கள். அவன் சொன்னான். கடை நிறைந்தது.

"இதையெல்லாம் நீங்களா இவர்கிட்ட சொன்னீங்க?" என்றாள் அதிகாரி.

ஆமாம் என்றால் பொய்யன். பொய்யனுக்கு எந்த நாடு பாஸ்போர்ட் கொடுக்கும்?

"இல்லைங்க. அவருக்கு வயசாயிடுச்சு. வேற யாரோடயோ என்னைக் குழப்பிக்கிறார்."

வில்மார் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஃபௌஸ்தோ மேசையைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றார் வில்மார். "இப்பல்லாம் இப்படித்தான். பேரனையே மகன் பேர் சொல்லிக் கூப்பிடுறேன்."

அவருக்குப் பிள்ளைகளே கிடையாது.

"சரி, நிச்சயமா உங்களுக்கு என்ன தெரியும்? அதை மட்டும் சொல்லுங்க."

"கடை எங்க தெருவுலதான் இருக்கு. என் பெண்டாட்டி நெல்லி படுத்த படுக்கையா இருந்தப்ப வீட்டுக்கு வந்து முடி வெட்டிவிட்டான். காசு வாங்கலை. அது இவன்தான். அதுல குழப்பம் இல்லை."

அதிகாரி எழுதிக்கொண்டாள். வில்மார் கையெழுத்துப் போட்டார். கோப்பு மேலே போகும், அழைப்பு வரும் என்றாள்.

பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள்.

"அண்ணே..."

"அந்த டிரம்பெட் மாமாவாவது நிஜமா?"

"இல்லை."

"நெல்லி சாகறதுக்கு முந்தின நாள் அந்தக் கதையைத்தான் கேட்டா. நான் சொன்னேன். உன்னை மாதிரி சொல்ல வரலை, ஆனாலும் சிரிச்சா."

ஃபௌஸ்தோவுக்கு, மன்னிப்புக் கேட்டால் அதையும் ஒரு கதையாகத்தான் எடுத்துக்கொள்வார் என்று பட்டது.

வில்மார் பையிலிருந்து வெந்நீர்க் குடுவையையும் மாத்தே இலைத் தேநீர் போட்ட சுரைக்குப்பியையும் எடுத்தார். அந்த ஊரில் மாத்தேயைத் தனியாகக் குடிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவன் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் அடுத்து ஊற்றுவது அவனுக்கு. வில்மார் வெந்நீர் ஊற்றி உறிஞ்சினார். ஃபௌஸ்தோவின் கை தன்னையறியாமல் நீண்டது.

வில்மார் மறுபடி ஊற்றி, தானே குடித்தார்.