கிடங்குச் சுவரில் கட்டம் கட்டமாக

பூவம்மாவின் நெற்றியில் ஏழு தையல் போட்ட மறுநாள் காலை, கெங்கம்மா ரயில்வே யார்டிலிருந்து முந்தானை நிறையக் கரியோடு வந்தாள். வியாசர்பாடித் தெருக்குழாய்க்கு எதிரே தோல் கிடங்கின் வெள்ளைச் சுவர். அதில் படம் போடத் தொடங்கினாள். ஐம்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை. குழாயில் காலை அரைமணி நேரம் தண்ணீர் நூலாக ஒழுகும். அந்த நூலுக்காகத்தான் முந்தின நாள் அவள் தன் பித்தளைக் குடத்தைப் பூவம்மாவின் தலையில் இறக்கினாள். யார்டில் இருவரும் ஜோடியாகக் கரி சுமப்பவர்கள்.

தண்ணீர் கேட்டுக் கார்ப்பரேஷனுக்கு இரண்டு தடவை மனு கொடுத்தும் அங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கெங்கம்மாவுக்கு எழுத்து வராது. பார்த்ததை அப்படியே போடக் கை வரும். முதல் கட்டத்தில் குடங்களின் வரிசை. அடுத்ததில் தள்ளுமுள்ளு. மூன்றாவதில் குடத்தை ஓங்கும் பெண். அவளுக்கு வேறு முகம் வைக்க மனம் ஒப்பவில்லை; தன் முகத்தையே வைத்தாள். அடிபட்டவளின் நெற்றியில் செங்கல் துண்டால் ரத்தச் சிவப்பைத் தேய்த்தாள்.

கூடி நின்ற பெண்கள் விலகினார்கள். தலையில் கட்டோடு பூவம்மா வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"அட்ச்சவ கீறா, அடி வாங்குனவ கீறா. தண்ணிய இஸ்துக்கினு போறவன் எங்கமே?"

சுவருக்குப் பின்னால் தோல் ஊறும் தொட்டிகள் கோடையிலும் ததும்பின. தெருக்குழாயிலிருந்து திருட்டுக் குழாய் ஒன்று அங்கே போவது எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேரின் புருஷன்மாருக்கு அங்கேதான் வேலை என்பதால் யாரும் பேசியதில்லை.

"உன் வூட்டுக்காரு வேல பூடும், பூவு."

"அத்த நான் பாத்துக்கறேன். நீ போடு."

கெங்கம்மா அந்தத் திருட்டுக் குழாயைக் கன்னங்கரேலென்று போட்டு முடிக்கும்போது, கிடங்கு வாட்ச்மேன் ராமதாஸ் சுண்ணாம்பு வாளியோடு வந்தான். "மொதலாளி அழிக்கச் சொல்லிக்கீறாரு. நவுருங்க."

பூவம்மா வரைந்த குழாயின் மேல் முதுகை அழுத்திச் சாய்ந்தாள். "என் மேல பூசிட்டு அழி." மற்றவர்களும் வந்து சாய்ந்தார்கள்.

"சுண்ணாம்பு கரைக்க மட்டும் உனுக்குத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சி?" என்றாள் கெங்கம்மா.

ராமதாஸ் வாளியைப் பார்த்தான். பூச்சு மட்டையை அதில் நனைக்கவில்லை.

வெயில் ஏறியதும் பூவம்மாவே முதலில் சுவரைவிட்டு விலகினாள். "வாங்கடி, கார்ப்பரேஷன் ஆபீசுக்கு. மனுவப் படிக்காதவன் பாக்கட்டும்."

கெங்கம்மா அவளுக்குப் பின்னால் நடந்தாள். பூவம்மாவின் வெளுத்த சேலை முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, அந்தக் குழாய் கறுப்பாக அப்பியிருந்தது.