படைக்கலப் பட்டியலில் ஒரு பச்சைப் பூ

மழை கழுவிய வானம் திருமால் மேனியென நீலம் பூத்து இருட்டத் தொடங்கிய மாலைப்பொழுதில், ஆனைக்குட்டம் அணைக்கரையில் ஸ்ரீமதி ஒரு வாணத்தின் முன் கைகூப்பி நின்றாள். பட்டாசுக் கம்பெனி நடத்தும் குடும்பத்து மருமகள். படைக்கு இருட்டில் வெளிச்சம் காட்டும் வாணம் செய்ய முனைந்தவள்.

வரும் பத்தாண்டுகளில் படைக்கு எவை வேண்டும், அவற்றுள் எது முதலில் வேண்டும் என்று வரிசை வகுக்கும் குழுவின் தலைவர் கர்னல் சிவபாண்டி அருகில் நின்றார். ஸ்ரீமதி செய்யும் வாணம் அவ்வரிசையில் முதலிடம் பெற்றால் புதிய கொட்டகை அவளுக்கு. பெறாவிட்டால் அது கம்பிமத்தாப்புக்கே போய்விடும். மாமனார் ஜெயச்சந்திரன் அவளோடு போட்ட ஒப்பந்தம் அது.

“மத்தாப்புக்கு லோடு எறக்கச் சொல்லிரவா தாயி?” என்று அவர் சீண்டினார்.

“கொஞ்சம் பொறுங்க மாமா. சொர்க்கவாசல் தெறந்தாப்புல வெளிச்சம் வரும், பாப்பீக!”

குழுவின் மற்றவர்கள் வந்த ஜீப் திருத்தங்கல் பக்கம் வழிதவறியிருந்தது; அதிலிருந்தவர்கள் அலைபேசியிலும் அகப்படவில்லை. பொறுமையிழந்த கர்னல், “கொளுத்துங்கம்மா,” என்றார்.

வாணம் சீறி எழுந்தது. உச்சியில் சிறு குடை விரிய, அதன்கீழ் வெள்ளொளி தொங்கிற்று. நீரும் கரையும் கருவேலமும் பால் சொரிந்தாற்போல் துலங்கின. கர்னல் கையிலிருந்த தாளை எழுத்தெழுத்தாய்ப் படித்துக் காட்டினார். ஸ்ரீமதியின் நெஞ்சு கூத்தாடியது. ஒளி அணைய வேண்டிய அக்கணத்தில், டமாரென்று பச்சைப் பூவொன்று வானத்தை அடைத்து மலர்ந்தது!

வாணத்தில் வெடிமருந்து அடைக்கும் பிரிவின் தலைவி செல்வலட்சுமி மட்டும் கைதட்டினாள்.

“அக்கா, என்னது அது?”

“பூவு! அம்புட்டுப் பெரிய ஆளுக வந்திருக்காக, வெறும் வெள்ளையாவா விட்டு அனுப்புறது? நம்ம ஊருக்கு அசிங்கம்லா!”

ஜெயச்சந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கர்னலின் முகமோ கல்லாயிற்று. “எதிரிக்குப் பூப்போட்டுக் காட்டவாம்மா கேட்டேன்?” என்று தாள்களைச் சுருட்டினார்.

அவர் காரில் ஏறும் வேளையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப் வந்து நின்றது. மேஜர் பிரீத்திகா குதித்திறங்கினார்.

“நல்லவேளை சார், பச்சையை விட்டீங்க! அதைக் குறிவச்சுத்தான் வந்து சேர்ந்தோம்.”

“அதுக்கு முன்னாடி வெள்ளை விட்டோமே?” என்றார் கர்னல்.

“அதுவா? ஏதோ கல்யாண மண்டப விளக்குன்னு நெனச்சோம் சார்.”

கரையே சிரிப்பில் குலுங்கிற்று. ஸ்ரீமதி வாய்ப்பை நழுவவிடவில்லை.

“சார், பெருமாள் அஞ்சு ஆயுதம் வச்சிருக்காரு. அதுல சங்கு யாரை வெட்டுச்சு? ஆனா போர்ல மொதல்ல ஊதுறது அதைத்தானே! தன் ஆளுகளைக் கூப்பிடத் தெரியாத படைக்கு வெளிச்சம் எதுக்கு?”

கர்னல் வானத்தையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டியலின் அடியில் கிடந்த, ஆளுகளுக்கு இடம் காட்டும் அடையாள வாணத்தை முதலிடத்திற்கு ஏற்றி, வெள்ளொளியை அதன்பின் நிறுத்தினார்.

“வான்னு சொல்லப் பச்சை, வராதேன்னு சொல்லச் சிவப்பு. ரெண்டையும் நீங்களே செய்யுங்க.”

“கொட்டகை ஒனக்குத்தான் தாயி!” என்று மாமனார் தோள்துண்டை வானில் எறிந்தார். ஸ்ரீமதி செல்வலட்சுமியின் கைகளைப் பற்றித் தட்டாமாலை சுற்றினாள்.

சுழற்சியின் நடுவே செல்வலட்சுமி கேட்டாள்: “செவப்புக்கு ஒரு மயிலு வைப்பமா?”

“வேண்டாம்!” என்று எல்லோரும் ஒருசேர அலறினர்.