வீட்டுக்கு ஒரு கொடி

அந்த ஊரில் வசந்தம் வந்துவிட்டதா என்று பார்க்க யாரும் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. தலையில் தொப்பி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். குளிர்காலம் முழுக்க யாரோ கட்டிப்போட்டிருந்த காற்று, வசந்தத்தின் முதல் வாரத்தில்தான் கயிற்றை அறுத்துக்கொண்டு வரும். ஒரு வருடம் தபால்காரர் பறந்துபோன தொப்பியைத் துரத்திக்கொண்டு போனார். அடுத்த ஊரில் கல்யாணம் முடித்து, கையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளோடுதான் திரும்பி வந்தார். தொப்பி கிடைக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதால், காற்றடிக்கும் நாளில் அவரை வெளியே அனுப்ப மனைவி சம்மதிப்பதில்லை. அந்த நாட்களில் ஊருக்குத் தபால் கிடையாது.

காற்று வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துச் செய்திகளும் களைகட்டிவிடும். ஒரே மைதானத்தின் இந்தப் பக்கம் தொடக்கப் பள்ளி, அந்தப் பக்கம் நடுநிலைப் பள்ளி. நடுநிலைப் பள்ளியின் கூரையில் ஓர் ஒலிபெருக்கி. திங்கட்கிழமை காலையில் அதில் வாசிக்கும் பள்ளிச் செய்தியை, அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஊரே கேட்கும். நான்காம் வகுப்பு வளர்த்த தலைப்பிரட்டைகளுக்கு வால் மறைந்துவிட்டது, பதிலுக்குக் கால் முளைத்திருப்பதால் பெற்றோர் கவலைப்பட வேண்டாம். ஆறாம் வகுப்பு செய்த எரிமலை எதிர்பார்த்ததைவிட நன்றாக வெடித்தது, அறிவியல் ஆசிரியரின் புருவம் மறுபடி வளர்ந்து வருகிறது. இப்படிப் போகும்.

வாசிப்பவள் எட்டாம் வகுப்புப் பெண். மூச்சு விடாமல் வாசிப்பதால் அவளுக்குத் தந்தி என்று பெயர். எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்தைக்கூட விடமாட்டாள். அதுதான் வம்பாகப் போயிற்று. முந்தின வருடம் தலைமையாசிரியரின் ஆண்டறிக்கையை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அவள் வாசித்தாள். அடைப்புக்குறிக்குள் அவர் தனக்காகக் குறித்து வைத்திருந்த ‘இங்கே லேசாகச் சிரிக்கவும்’ என்பதையும், ‘கை தட்டாவிட்டால் தண்ணீர் குடிப்பதுபோல் நிற்கவும்’ என்பதையும் சேர்த்தே வாசித்துவிட்டாள். ஊர் சிரித்த சிரிப்பில் இரண்டு கண்ணாடி ஜன்னல் போயிற்று. அன்றிலிருந்து தந்திக்கு ஒரே கட்டளை: உலகமே கவிழ்ந்தாலும் அடைப்புக்குறிக்குள் இருப்பதை வாசிக்கக் கூடாது.

இந்தக் கட்டளை தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தெரியாது. மைதானத்தின் இந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கத்து உத்தரவுகள் வந்து சேர்வதில்லை.

டீச்சருக்கு அந்த வசந்தத்தில் வேறு கவலை. ஒன்றாம் வகுப்பில் புதிதாகப் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் வகுப்பை மூடிவிட்டு, சேர்ந்தவர்களை அடுத்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றுவது என்று கல்வி அலுவலகம் முடிவு செய்திருந்தது. டீச்சரையும் எங்காவது மாற்றுவார்கள். வசந்த விழா அன்று மாலை மணி அடிக்கும் வரைதான் கெடு. அதுவரை சேர்ந்திருந்தது நான்கு பேர். அதில் இரண்டு பேர் இரட்டையர். ஒரே பையனை இரண்டு தடவை எழுதிவிட்டாரோ என்று அலுவலகத்துக்குச் சந்தேகம் வேறு.

மற்ற பிள்ளைகளை அடுத்த ஊருக்கு அள்ளிக்கொண்டு போக ஒரு மஞ்சள் வேன் இருந்தது. அதன் ஹாரன் பாட்டுப் பாடும். வேன் டிரைவருக்கு டீச்சரைப் பார்த்தாலே வம்பிழுக்க வாய் துறுதுறுக்கும். தினமும் காலையில் வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நலம் விசாரிப்பார்.

“டீச்சர், அடுத்த வருஷம் நீங்களும் நம்ம வேன்லதான் போகணும். முன் சீட்டை உங்களுக்குன்னே துடைச்சு வச்சிருக்கேன்.”

“துடைச்சது போதும், டிரைவர். தேஞ்சிடப் போகுது” என்பார் டீச்சர். ஆனால் வகுப்புக்குள் போனதும் காலி பெஞ்சுகளைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நிற்பார்.

அம்மாக்களைக் கேட்டால் ஒரே பதில்தான். பாடம் நல்ல பாடம், டீச்சர் தங்கமான டீச்சர், ஆனால் மைதானத்தில் ஒரு முழம் நிழல் கிடையாது, பிள்ளை கருகிப்போகும். எனவே டீச்சர் ஒரு திட்டம் போட்டார். வசந்த விழாவுக்கு வீட்டுக்கு ஒரு கொடிச்செடி கொண்டுவந்து ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் நட வேண்டியது. நட்டவர்கள் தண்ணீர் ஊற்ற வருவார்கள், தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போவார்கள். கோடைக்குள் பந்தல், பந்தலுக்குக் கீழே பிள்ளைகள். பள்ளிச் செய்தி வாசிக்கும் தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘வசந்த விழாவுக்கு வீட்டுக்கு ஒரு கொடி தவறாமல் கொண்டு வரவும் (பூசணி, அவரை, திராட்சை எதுவானாலும் சரி, வேரோடு).’

தந்தி அடைப்புக்குறி வரை வாசித்தாள். அதற்கு மேல் கட்டளை.

மறுநாள் டீச்சரின் தம்பி ஓடி வந்தார். அவர் நடுநிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். நடக்கவே தெரியாதவர்; கடைக்குப் போனாலும் ஓடித்தான் போவார்.

“அக்கா, கொடி யோசனை பிரமாதம். நம்ம பசங்க எல்லாரும் கையில கொடியோட அணிவகுப்பு வர்றாங்க.”

பூசணிக்கொடியைத் தூக்கிக்கொண்டு எப்படி அணிவகுப்பு வருவார்கள் என்று டீச்சருக்குத் தோன்றியது. விளையாட்டு ஆசிரியர்களின் யோசனையை ரொம்பக் கிண்டக் கூடாது என்பதால் விட்டுவிட்டார். “வேரு வெளியில தெரியாமப் பாத்துக்கடா” என்று மட்டும் சொன்னார்.

“வேர்வையா? அணிவகுப்புன்னா வேர்வை வரத்தானேக்கா செய்யும்” என்று தம்பி ஓடிப்போனார்.

அடுத்து சலவைக்கடைக்காரர். பாவம், அவர் ஒருவர்தான் விவரமாகக் கேட்டார். கொடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்றார். துணி காயப்போடுகிற கொடியைத்தான் அவர் கேட்கிறார் என்று டீச்சர் கண்டாரா?

“நீளத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. இங்க வந்த பிறகு தினம் தண்ணி ஊத்தினா தானா நீளும்” என்றார்.

முப்பது வருடமாகக் கயிற்றோடு மாரடித்தும் கயிறு தானாக நீண்டு அவர் பார்த்ததில்லை. படித்தவர்கள் சொன்னால் ஏதோ விஷயம் இருக்கும் என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

விழா நாளும் வந்தது. டீச்சர் மண்வெட்டியோடு வாசலில் நின்றார். முதலில் வந்த குடும்பம் ஒரு தகரத்தில் அவரைக்கொடி கொண்டுவந்தது. டீச்சர் முகம் மலர்ந்தது. இரண்டாவது குடும்பம் ஒரு கம்பில் தலையணை உறையை மாட்டிக்கொண்டு வந்தது. எந்தக் கொடி என்று யாரும் சொல்லாததால் அவரவர் வீட்டுக்கு அவரவரே கொடி செய்திருந்தார்கள். முடிதிருத்துபவர் வீட்டுக் கொடியில் கத்தரிக்கோல். தபால்காரர் வீட்டுக் கொடியில் ஒரு தொப்பி, கீழே ‘கண்டவர்கள் சொல்லவும்’. மூன்றாவதாகச் சலவைக்கடைக்காரர் வந்தார், கையில் ஒரு கயிற்றுச் சுருணை. அவர் தெருவே அவரைப் பார்த்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தது. சிலர் அவசரத்தில் காய்ந்துகொண்டிருந்த துணியோடு சேர்த்தே அவிழ்த்து வந்துவிட்டார்கள்.

மைதானத்தில் மூன்று கட்சி உருவாயிற்று. செடிக்காரர்கள் கொடிக்காரர்களைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் போய் யாராவது தலையணை உறையை நடுவார்களா என்றார்கள். கொடிக்காரர்கள் கயிற்றுக்காரர்களைப் பார்த்து, அழுக்குத் துணியைக் காட்டத்தான் விழாவா என்றார்கள். அழுக்கு இல்லை, துவைத்தது என்று கயிற்றுக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து தந்தியைப் பார்த்தார்கள். அவள் தாளைத் தூக்கிக் காட்டினாள். அடைப்புக்குறி அப்படியே பத்திரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்வி அலுவலகத்து அம்மா வந்து இறங்கினார், தலை எண்ணிப் போக. பின்னாலேயே வேடிக்கை பார்க்க வேன் டிரைவரும், ஹாரன் பாட, மகளை அழைத்துக்கொண்டு வந்தார். டீச்சர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தன் வகுப்பைத் தன் கையாலேயே, அதுவும் இரண்டு வளைந்த கோட்டால் மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் சலவைக்கடைக்காரருக்கு ஒரு குணம். தொய்ந்த கயிற்றைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் தன் கயிற்றைக் கால்பந்துக் கம்பத்திலிருந்து ஒன்றாம் வகுப்பு ஜன்னல் வரை இழுத்து விண்ணென்று கட்டிவிட்டார். அடுத்தவரின் கயிற்றையும் வாங்கி, அதில் தொங்கிய துணியோடேயே கட்டினார். கம்பு பிடித்துக் கை வலித்தவர்கள் தலையணை உறைகளைக் கயிற்றில் மாட்டினார்கள். செடிக்காரர்கள் தகரங்களைக் கம்பத்தின் அடியில் இறக்கி வைத்தார்கள். அவரைக்கொடி ஒன்று, யாரையும் கேட்காமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டது என்கிறார்கள். அது மிகை. ஒரு மணி நேரம் ஆயிற்று.

மைதானம் முழுக்க நிழல். அதற்குள் காற்று எழுந்தது. போர்வைகள் வயிறு புடைத்து எழுந்தன, சட்டைகள் கை நீட்டின. குட்டிப் பிள்ளைகள் அம்மாவின் கையை உதறிவிட்டு அதற்குள் புகுந்தார்கள். புகுந்தவர்கள் புகுந்தவர்கள்தான். போர்வைக்குப் போர்வை சிரிப்புச் சத்தம் கேட்டதே தவிர, ஒரு தலைகூடத் தெரியவில்லை.

முதல் அம்மா பிள்ளையைக் காணோம் என்று, தந்தி மைக்கோடு உட்கார்ந்திருந்த மேஜைக்கு ஓடி வந்தார். டீச்சர் பதற்றத்தில், வருடா வருடம் கேட்டுப் பழகிய வரிசையிலேயே கேட்டார். பிள்ளை பெயர், வயது, அப்பா பெயர், எந்தத் தெரு, தடுப்பூசி போட்டாச்சா.

“காணாமப் போன பிள்ளைக்குத் தடுப்பூசி எதுக்கு, டீச்சர்?”

“கிடைச்ச உடனே கேப்பாங்க” என்றார் டீச்சர். அப்போதுதான் தன் கை எந்தத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். சேர்க்கைப் படிவம். அவர் அதை மாற்றவில்லை.

தந்தி மூச்சு விடாமல் வாசித்தாள். பெயரைக் கூரையிலிருந்து கேட்ட பையன் போர்வையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றான், ராணுவ வீரன் மாதிரி. அம்மா அசந்துபோனார். வீட்டில் ஏழு தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை அது. டீச்சர் படிவத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி, இது நிஜமாகவே சேர்க்கைப் படிவம்தான், வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்றார்.

“கிழிக்காதீங்க” என்றார் அந்த அம்மா. “ஒரே கூப்பாட்டுல வர்றான். இதுக்கு மேல என்ன படிப்பு வேணும்?” கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. தம்பி ஓடி வந்து எட்டிப் பார்த்து, “அக்கா, இது சேர்க்கை இல்லக்கா, காணாமப் போனவங்க கணக்கு” என்று காதில் சொன்னார். கிடைத்துவிட்டால் சேர்க்கை என்றார் அக்கா. மாலை மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஏற்கெனவே சேர்ந்த நான்கு பேரோடு சேர்த்து, ஒன்பது ஆயிற்று. ஒன்பதோடு நின்றது. கல்வி அலுவலகத்து அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது மேஜைக்கு வந்து நின்றவர் வேன் டிரைவர். தொப்பி கையில்.

“டீச்சர்... நம்ம பாப்பாவக் காணோம்.”

டீச்சர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. பெயர், வயது, தெரு. தந்தி வாசித்தாள். பிள்ளை வரவில்லை. மறுபடி வாசித்தாள். கத்தரிக்கோல் போட்ட கொடிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வந்தது; அப்பாவிடம் போகவில்லை, நேராக மைக்கைப் பிடித்துக்கொண்டது.

“நான் இங்கயே படிக்கிறேன். அப்பா வேன்ல ஏறினா எனக்கு வாந்தி வருது.”

ஊர் முழுக்கக் கேட்டது. இவ்வளவு நாளாக டிரைவர் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த ரகசியம் கூரை மேலிருந்து தெருத் தெருவாகப் போயிற்று. மைதானமே வாயைப் பொத்திக்கொண்டது. டிரைவர் மகளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

“சிரிக்கிறதுன்னா சிரிச்சிடுங்க டீச்சர்.”

“எதுக்குச் சிரிக்கணும்? வேனை வித்துடாதீங்க. பிள்ளைங்களச் சுற்றுலா கூட்டிட்டுப் போக வேணும். பாப்பாவுக்கு ஜன்னல் சீட்டு” என்றார் டீச்சர். அப்புறம்தான் சிரித்தார்.

மணி அடித்தது. கல்வி அலுவலகத்து அம்மா பத்துத் தலையையும் தொட்டு எண்ணினார், இரட்டையரை மட்டும் தனித்தனியாக நிறுத்தி. பையை மூடப் போகும்போது ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நிறைமாதம். கையில் செடி இல்லை, கம்பு இல்லை, கயிறும் இல்லை. கொடி எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

அவர் வயிற்றில் கை வைத்தார். “தொப்புள்கொடி. உள்ள இருக்கு. தவறாமக் கொண்டு வரச் சொன்னாங்களே.”

இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கல்வி அலுவலகத்து அம்மா யோசித்தார். அவர் கையில் இருந்த தாளில் அதற்கு இடமில்லை. கடைசியில் ஓரத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் ‘ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை தந்தி வாசித்த முதல் செய்தி, ஒன்றாம் வகுப்பு வழக்கம்போல் நடைபெறும் என்பது. இரண்டாவது, கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பெற்றோர் முறை வைத்து வர வேண்டும் என்பது. இந்தத் தடவை டீச்சர் அடைப்புக்குறி போடவில்லை. ‘செடிக் கொடிகளுக்கு மட்டும்’ என்று விளக்கமாகவே எழுதியிருந்தார்.

இருந்தாலும் சலவைக்கடைக்காரர் தினம் வந்து கயிற்றுக்கும் ஒரு வாளி ஊற்றிவிட்டுத்தான் போகிறார். இதுவரை ஒரு முழம் நீண்டிருப்பதாக அவர் சொல்கிறார். அளந்து பார்த்தவர்கள் இரண்டு முழம் என்கிறார்கள்.