வலிக்காத சிவப்பு

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னார்: "வலிக்கவே இல்லையேங்க, அப்புறம் என்ன வியாதி?" மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘நன்னிலத்துப் பஞ்சநதம் மோட்டார் கொட்டகையில் பீடியைப் பற்றவைத்தபோது...’

(அடித்துவிட்டேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் புகை பிடிப்பவர்களுக்கும் வயதான ஆண்களுக்கும்தான் அதிகம் வருகிறதாம். நோயை அவர் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் வரிசையில் பேசியது அவர் மனைவி.)

3

ஆக, தர்மாம்பாள். வயசுக்கு வந்ததிலிருந்து நடவு நட்டவர். அப்போதெல்லாம் பெண்கள் கூட்டமாக வாய்க்காலோரத் தாழம்புதருக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். ஒருத்தி காவல், மற்றவர்களுக்கு ஊர்வம்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இன்னமும் ஏக்கமாக இருக்கிறது. எனக்கும் இந்தப் பத்தியை விட்டு நகர மனமில்லை.

ஆனால் சேறு நிறம் காட்டாது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வெள்ளைப் பீங்கான் வைத்துக் கழிவறை கட்டிக் கொடுத்த பிறகுதான் சிறுநீரில் சிவப்பு கண்ணில் பட்டது.

தீட்டு நின்று எத்தனையோ வருடமாயிற்றே என்று குழம்பினார். சூடுதான் என்றாள் பக்கத்து வீட்டு அனுசுயா. இளநீர் குடித்தார், நின்றது. மறுபடி வந்தது, மறுபடி இளநீர், மறுபடி நின்றது. தானாக நின்றதற்கு இளநீர் பேர் வாங்கிக்கொண்டது.

(அடிக்குறிப்பு: இந்த நோயில் ரத்தம் வரும், நிற்கும். நின்றால் போய்விட்டதென்று அர்த்தமில்லை. பெண்களிடம் இதைத் தீட்டென்றும் நீர்க்கடுப்பென்றும் நினைத்துத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.)

4

ஸ்கேனில் ஏதோ தெரிகிறது, கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்தார். அன்று காலை பீங்கான் வெள்ளையாகவே இருந்தது.

"நின்னுட்டுதுங்க. நடவு முடியட்டும், போவோம்," என்றார் தர்மாம்பாள், பேருந்து நிறுத்தத்தில்.

பஞ்சநதத்துக்கு அழுகை முட்டியது. "எனக்கு வர வேண்டியது இது. என் பீடிப் புகைய நீயும்தானே தின்னே. ஏறு, தர்மு."

5

முடிவு ஒன்று: ஏறுகிறார். சின்னக் கட்டி, ஆழமாக இறங்கவில்லை, சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அடிக்கடி பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அடுத்த நடவுக்கு வரப்பில் நின்று அனுசுயாவைக் கேலி செய்கிறார்.

முடிவு இரண்டு: அறுவடையும் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுப் பஞ்சநதத்தை மட்டும்

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

தஞ்சாவூர் பேருந்தை நன்னிலத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். தர்மாம்பாள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு வயல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். நான் சொன்னால், கதை எழுதுகிறவன் பேச்சு என்று தள்ளிவிடுவார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நீங்கள் சொல்லுங்கள்.