மாதாவைத் தூக்கிக்கொண்டு போனவள்

1

இந்தக் கதை கைபேசிக்கு வந்த ஓர் எச்சரிக்கையில் பிறந்தது. கள்ளக்கடல் வருகிறது, பொழியூர்க் கரையில் இருப்பவர்கள் விலகிப் போங்கள். காற்று இல்லை, மழை இல்லை. வெயிலடிக்கும்போதே கடல் திருடனைப் போல வீட்டுக்குள் வரும். (பெயர் எங்கள் ஆட்கள் வைத்தது. விஞ்ஞானிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஏனோ எனக்கு அது ஆறுதல்.)

முதலில் எழுதிய வரி: ‘பக்திக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே ஷைனா...’ வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது.

2

ஷைனா நெய்யாற்றின்கரையில் இயற்பியல் படிக்கிறாள். (நான் பத்தோடு நின்றவள். அவளையாவது படிக்கவைக்கலாமே.) அம்மா சுகிர்தபாய் மீன் விற்கிறவள். எச்சரிக்கையை மகள் வாசித்துக் காட்டியும் அசையவில்லை.

“ஜன்னல்ல மாதா கடலப் பாத்துல்லா நிக்குதா. அவளத் தாண்டி வராது, கேட்டியா.”

“தெக்க வீட்டிலயும் மாதா உண்டும்லா. போன வருசம் அங்க கடலு ஏறல்லியா?”

“அவிய டிவிக்கு மேல வச்சிருந்தாவ மக்கா. ரோட்டப் பாத்து.”

“ரொம்பத் தூரத்தில, தெக்குக் கடல்ல புயலடிச்சா அந்த அலை இங்க வரும்மா. அதாக்கும் இது.”

“அங்க அலைய எழுப்பினது யாராம்?”

ஷைனா எச்சரிக்கையை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.*

* அம்மாவின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

3

பக்கத்து வீட்டு ஆன்சன் ஆட்டோவை நிறுத்திக் கத்தினான். “மாமி, வாறியளா இல்லியா? முகாமில கஞ்சி ஆறுது!”

“மாதாவ விட்டுட்டு வரமாட்டேன்.”

“அவளையும் ஏத்துங்க. டிக்கெட் கேக்கமாட்டேன்.”

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். ஆட்டோ போய்விட்டது. அலை சுவரில் மோதி முற்றத்தை நனைத்தது.

(இங்கே ‘மகள் சொன்னதை அம்மா உணர்ந்தாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். சுகிர்தபாய் அப்படி உணர்கிற ஆள் இல்லை.)

ஷைனா ஜன்னலிலிருந்து மாதா சொரூபத்தை எடுத்தாள். கைக்குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி நடந்தாள். அவர்கள் கரையில், வீட்டைவிட்டு வெளியே எடுத்த சொரூபத்தைத் தனியாகப் போகவிடமாட்டார்கள். யாராவது செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் போகவேண்டும். அது ஷைனாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தாள்.

“எட்டி, மாதா கடலுக்கு முதுகு காட்டுதாளே!”

“இல்லம்மா. என் தோள்ல கடலப் பாத்துத்தான் கிடக்குதா.”

அம்மா முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தாள்.

4

கடல் வீட்டை எடுத்ததா? எழுதமாட்டேன். எடுத்தது என்றால் அம்மா தோற்பாள். எடுக்கவில்லை என்றால் மகள். இருவரையும் சாலையிலேயே விடுகிறேன்.

ஆனால் சாலையிலும் ஒரு சிக்கல். அம்மா செபமாலை மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துகிறாள். மறுபாதியை இன்னொருவர் சொல்லவேண்டும். கல்லூரிக்குப் போனதிலிருந்து ஷைனா சொல்வதில்லை. தந்திரமாக அம்மாவைக் கிளப்பியவள் இப்போது சொன்னால் அதுவும் தந்திரமா, செபமா? அவளுக்கே தெரியவில்லை. கேட்கவும் அவளுக்கு ஆள் இல்லை. தோளில் மாதாவின் சுண்ணாம்புக் கன்னம் வெயிலில் சூடாக இருக்கிறது.

ஷைனா வாயைத் திறந்து...

இதற்குமேல் நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். சாலையில் வேறு யாருமில்லை, அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள்.