வராதவர்தான் தலைவர்

எங்கள் பெக்காசி ஊரின் சி பிளாக்கில் சத்தம் என்றால் காலையில் சேவல், மாலையில் ரொட்டி வண்டி. அவ்வளவுதான். அப்படிப்பட்ட தெருவுக்கும் ஒரு தலைவர் வேண்டுமே கண்ணுகளா! ஆனால் யாருக்கும் அந்த ஆசை கிடையாது. சான்றுகளுக்கு முத்திரை குத்த வேண்டும், சாக்கடை அடைத்தால் ஆள் பிடிக்க வேண்டும், யார் வீட்டுப் பூனை யார் வீட்டு மீனைத் தின்றது என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தேர்தல் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்தான் தலைவர்.

ஒன்பது வருஷத்துக்கு முன் சுத்ரிஸ்னோ காய்ச்சலில் படுத்திருந்தார். எழுந்தபோது தலைவர். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லோரும் தவறாமல் வந்து, "இவரே இருக்கட்டும்" என்று கைதூக்கிவிடுவார்கள். பாவம், அவருக்கு மறுக்க வாய் வராது.

இந்த வருஷம் மறுத்தே ஆகவேண்டும். தூரத்து ஊரான மாலாங்கில் மகள் நிங்சிக்குப் பிரசவ நேரம், மருமகன் கப்பலில். மனைவி வார்த்தி சொல்லிவிட்டாள்: "இந்த வாட்டியும் தலைய ஆட்டிட்டு வந்தீங்க, நான் மட்டும் ரயிலேறிடுவேன். நீங்க இங்கயே கெடங்க!"

ஞாயிறு காலை அவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கூட்டம். இருபத்தெட்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்தாயிற்று.

"நீங்க நல்லாத்தானே பாக்குறீங்க, பாக்!" என்றார் எதிர்வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. அவர் பெயர் போனார்; எங்கள் ஊரில் ஐயாவுக்கு பாக், அம்மாவுக்கு இபு.

"எம் பொண்ணு அங்க தனியா இருக்கா" என்றார் சுத்ரிஸ்னோ. "நான் போகணும்."

எல்லோரும் பாயின் கோரையை எண்ணத் தொடங்கினார்கள்.

போனார்தான் தொண்டையைச் செருமினார். "சரி, வழக்கப்படியே போவோம். யார் வரல?"

"பதினோராம் நம்பர் லாஸ்த்ரியக் காணோமே!"

லாஸ்த்ரி ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டுக்கு அவளே தலைவி.

"உள்ள வார்த்திகூட வாழப்பழம் பொரிக்கிறாங்கப்பா."

"பாயில இல்லியா? அப்ப வரல!"

கைதட்டல் கேட்டு லாஸ்த்ரி கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னும் தட்டே வரல, அதுக்குள்ள என்ன கைதட்டு?"

விஷயத்தைச் சொன்னார்கள்.

"அட பாவிங்களா! உங்களுக்குத்தானேடா பொரிச்சுக்கிட்டிருந்தேன்!"

மறுத்திருப்பாள். நானே பக்கத்திலிருந்து பார்த்தேன், வாய் திறந்துவிட்டாள். அப்போது சுத்ரிஸ்னோ அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கேட்கவும் கூச்சம், விடவும் மனமில்லை. லாஸ்த்ரி கையை முந்தானையில் துடைத்தாள்.

"முத்திரையக் குடுங்க, பாக். போனார், நீங்க துணைத் தலைவர். அடுத்த ஞாயிறு சாக்கடை உங்க பொறுப்பு."

"ஐயோ இபு, நான்தான் வந்திருக்கேனே!"

"அதான். வந்தவங்களுக்குத்தான் இனிமே வேல."

அதன்பிறகு எல்லோரும் பொரித்த பழத்தை மென்றுகொண்டே தலையாட்டினார்கள். அவள் ஒவ்வொருவராகக் கைநீட்டி வேலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுத்ரிஸ்னோ அங்கே இல்லை. உள்ளே நாற்காலி மேல் ஏறி நின்று பரணைத் துழாவிக்கொண்டே, "வார்த்தி, சின்னப் பெட்டி போதுமா, பெரிசையே எறக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.